பார்ப்பவர் பூங்கா, பயிரிடுவோர் பூங்கா



உலகின் பல நகரங்களில் பொதுப் பூங்காக்கள் ஆண்டுதோறும் வசந்த விழா எடுக்கின்றன. அவற்றின் நிகழ்ச்சி நிரல்களை வாங்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே வார்ப்பில் இருக்கும். முதலில் மலர்க் கண்காட்சி. பிறகு மரத்தடியில் ஓவிய வகுப்பு. காலை வேளையில் புல்தரையில் யோகாவும் மூச்சுப் பயிற்சியும். கடைசியில், நேரம் மிஞ்சினால், அரைமணி நேரம் தோட்டக்கலைப் பாடம். வந்தவர் கையில் ஒரு சின்னப் பூந்தொட்டியைக் கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். அந்தச் செடி வீட்டு வாசலில் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவின் ஜெலாப்பாங்கில் இப்படியொரு விழா வேண்டும் என்றால் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். முதலில் மக்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் விதைத்து, நீர் ஊற்றி, களை பிடுங்கட்டும். ஓவியமும் உடல்நலமும் அந்த வேலையிலிருந்து கிளைத்து வரட்டும். பூவைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்கும் பயன் சிறிது, பூக்க வைத்தவருக்குக் கிடைப்பது பெரிது. இதை மருத்துவ ஆய்வு ஓரளவு காட்டுகிறது, நம் வரலாறும் காட்டுகிறது.

இதைச் சொன்னவுடனே வரும் முதல் மறுப்பு, மலேசியாவில் வசந்தம் ஏது என்பது. நியாயமான கேள்விதான். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ நாலரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அரைமணி நேரம்தான் வித்தியாசம். பனி உருகுவதும் இல்லை, குருவிகள் கூட்டமாகத் திரும்பி வருவதும் இல்லை. அதனால் பருவமே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஜனவரி, பிப்ரவரியில் ஈப்போ அமைந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் மழை தளர்கிறது. அந்த வறட்சி தொட்டதும் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர் விட்டு மறுபடி பச்சையாகின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் ஈப்போவின் உச்சிக்கு நேரே வருகிறது. அதே வாரங்களில் பருவக்காற்று மாறி, பிற்பகல் இடிமழை வலுக்கிறது. நம்மவர் தெக்கோமா என்று அழைக்கும் தபேபுயா மரங்கள் வறட்சிக்குப் பின் சாலையோரமெங்கும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும்போது, கைப்பேசியோடு ஓடிப்போய் மலேசிய சக்குரா என்று படம் எடுக்கிறோம். அங்சானா மஞ்சளாய்க் கொட்டுகிறது. சரக்கொன்றை தொங்குகிறது. பங்குனி உத்திரமும் சித்திரைப் புத்தாண்டும் சித்ரா பௌர்ணமியும் இதே பொழுதில்தான் வருகின்றன. பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமாகத் தெரிந்த பருவம். இலை உதிர்ந்தால் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். புதுத் தளிர் முற்றும்வரை கடைக்காரர் புத்தகத்தில் கடன் ஏறிக்கொண்டே போகும். குளிர்நாட்டு நாள்காட்டியைப் பார்த்து விழா எடுக்கத் தேவையில்லை. மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை என்று நம் பருவத்தையே வைத்துக்கொள்ளலாம். மழை வருவதற்கு முன் மண்ணைக் கொத்தி, மழையோடு விதைப்பதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

அடுத்து வரலாற்றுக்கு வருகிறேன். பொதுப் பூங்கா என்பதும் பேராக் தமிழர் என்பதும் தொடர்பில்லாத இரண்டு செய்திகள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரு பூங்காதான் நம் முன்னோரை இங்கே அழைத்து வந்தது. 1876 இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனின் கியூ பூங்காவுக்குப் போயின. 1877 இல் அங்கே முளைத்த கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போய், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. 1888 இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அந்தப் பூங்காவிலேயே செய்து செய்து வகுத்தார். பிறகு வந்ததை நாம் அறிவோம். காடு அழிந்தது, நிரை நிரையாகப் பால்மரம் எழுந்தது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் வந்தது. பூங்காவில் செடியை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம், அந்தச் செடியைக் காலமெல்லாம் வளர்த்தவர்கள் இன்னொரு பக்கம். வளர்த்தவர்களுக்குப் பூங்காவில் இடம் இருந்ததில்லை, தெருக்கூட்டவும் புல்வெட்டவும் வந்தபோது தவிர. செடியைத் தொடும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுப் பழமையானது. அதனால்தான் பூங்கா விழாவை வெறும் பொழுதுபோக்காக மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. தொழிலாளிக்குச் சொந்தமாகப் பயிரிட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதைக் காலனி அரசே ஒருகாலத்தில் சட்டத்தில் எழுதியது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கைப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்றது. ஏறக்குறைய 250 சதுர மீட்டர். கருணையால் எழுதிய விதி என்று சொல்ல வரவில்லை. வயிறு நிறைந்த தொழிலாளி ஊர் திரும்ப மாட்டான் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். ஆனாலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் அந்த நிலத்தில் முருங்கை நின்றது, கறிவேப்பிலை நின்றது. அவரைப் பந்தல் ஏறியது, கத்தரியும் வெண்டையும் காய்த்தன. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் போனபோது மரவள்ளிக்கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960 இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவர் அவர். அதையும் மீறிப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின, செம்பனைக்கு மாறின. லயங்களை விட்டு வெளியேறியவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் நெருக்கமான தாமான் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். வேலை போனது, பள்ளி போனது, கோயில் போனது என்று நாம் பேசுவதுண்டு. வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த 250 சதுர மீட்டர் போனதை யாரும் இழப்புக் கணக்கில் எழுதவில்லை. சிங்கப்பூரில் இன்று பூங்காக்களில் குடிமக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் பாத்தியின் அளவு இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். லயத்து நிலத்தில் நூறில் ஒரு பங்கு. அதற்கே அங்கே குலுக்கல் நடக்கிறது.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும். நான் மதிக்கிற மறுப்பு இது. மூன்று தலைமுறை மண்ணில் உழன்ற மக்களிடம் போய், மண்ணைத் தொடுங்கள், மனம் லேசாகும் என்று சொல்வது வசதி படைத்தவர்களின் விளையாட்டு இல்லையா? விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்றவர்களிடமும், முதுகில் தோம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்த பெண்களிடமும் தோட்டவேலையை ஆரோக்கியம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தப் பெண்கள் அடித்த பாராகுவாட் என்ற நஞ்சை மலேசியா 2002 இல் தடை செய்து, 2006 இல் தடையைத் தளர்த்தி, 2020 ஜனவரியில்தான் முழுதாக விலக்கியது. நகம் கழன்றதும் கண் எரிந்ததும் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அதை ஆழ்ந்து பார்த்தால் அது என் வாதத்துக்கு எதிராக நிற்கவில்லை, அதற்கு வரம்பு கட்டுகிறது. அந்த உழைப்பைக் கசக்க வைத்தது மண் இல்லை. நேரம் கங்காணியுடையது, விளைச்சல் கம்பெனியுடையது, நஞ்சு மட்டும் தொழிலாளியுடையது என்ற ஏற்பாடுதான் கசந்தது. அதே மனிதர்கள் வேலை முடிந்து வந்து, யாரும் சொல்லாமலே, லயத்துப் பின்புறத்தில் அவரைக்குப் பந்தல் போட்டார்கள். ஒரே கை, ஒரே மண், இரண்டு வேறு வேலைகள். ஆகவே பூங்காப் பாத்தியில் நஞ்சு தெளிக்கக் கூடாது, விளைந்தது விளைவித்தவருக்கே போக வேண்டும், வர விரும்பாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக்கட்டத் தெரிந்தவர்களும், இளங்கன்றுகளுக்கு இடையே மண் அரிக்காமல் பயறுக்கொடி படரவிடும் முறை தெரிந்தவர்களும் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களாக அழைத்து முறையான ஊதியம் கொடுக்க வேண்டும். யோகா கற்பிப்பவருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டு, ஒட்டுக்கட்டக் கற்பிப்பவரைத் தொண்டர் என்று சொல்லித் தேநீரோடு அனுப்புவது அநியாயம்.

இனி உடல்நலம். பூங்காக்காரர்கள் இதைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், கொஞ்சமாகவே நிரூபிக்கிறார்கள். அதனால் இருக்கிற சான்றை நிதானமாக எடை போட வேண்டும். எல்லோரும் முதலில் காட்டுவது ரோஜர் அல்ரிச் 1984 இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளில் 23 இணைகளை அவர் ஒப்பிட்டார். ஒருவருடைய சன்னலுக்கு வெளியே மரங்கள், இன்னொருவருடைய சன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள், வலிமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். இந்த ஆய்வு என் வாதத்துக்கு இடைஞ்சல் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அந்த நோயாளிகள் எதையும் நடவில்லை, படுத்தபடி பார்த்தார்கள், அவ்வளவுதான். பார்ப்பதாலும் பயன் உண்டு என்பதை மறுக்க முடியாது. அடுத்தது நெதர்லாந்தில் வான் டென் பெர்க்கும் கஸ்டர்ஸும் 2011 இல் வெளியிட்டது. பாத்தித் தோட்டக்காரர்கள் 30 பேருக்கு மன இறுக்கம் தரும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரைத் தம் தோட்டத்தில் அரைமணி நேரம் வேலை செய்யவும், மீதிப் பேரை உள்ளே உட்கார்ந்து படிக்கவும் விட்டார்கள். இறுக்கத்தின்போது சுரக்கும் கார்டிசால் இரு சாராருக்கும் குறைந்தது. தோட்டவேலை செய்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, மனநிலையும் முழுதாக மீண்டது. சான்று நல்லதுதான், ஆனால் 30 பேர் சிறிய எண்ணிக்கை. ஒரு சாரார் வெளியிலும் மற்றவர் உள்ளேயும் இருந்ததால், குணம் கொத்தியதால் வந்ததா வெளிக்காற்றால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது, இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த கணக்கு, 2019 இல் வெளியானது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கை வெளியில் செலவிட்டவர்கள், அறவே செலவிடாதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதற்குக் குறைந்த நேரம் செலவிட்டவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போகிறார்கள் என்று இதையும் மடக்கலாம். நோயாளிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் அதே போக்குத் தெரிந்தது என்பதால் அந்த மடக்கு ஓரளவு வலுவிழக்கிறது.

இம்மூன்றையும் ஒன்றாக வைத்து நான் எடுக்கும் முடிவு இது: பயன் தருவது திரும்பத் திரும்ப வருதல். பசுமையை ஒருநாள் பார்த்தால் ஒருநாள் குணம். வாரந்தோறும் இரண்டு மணி நேரம் என்றால், வருவதற்கு ஒரு காரணம் வேண்டும். மலர்க் கண்காட்சி அந்தக் காரணத்தைத் தருவதில்லை. ஊட்டியில் 1848 இல் உருவான தாவரவியல் பூங்காவில் 1896 முதல் மலர்க் கண்காட்சி நடக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அங்கே திரளும் கூட்டத்தைக் குறை சொல்வதற்கில்லை, அழகை நாடிப் போவதில் தவறும் இல்லை. ஆனால் அவர்கள் அடுத்த ஆண்டுதான் மறுபடி வருவார்கள், வந்தால். யோகா வகுப்புக்கும் இதே கதிதான். மூன்றாவது வாரம் மழை பெய்தால் நான்காவது வாரம் பாதிப் பேரைக் காணோம். பாத்தியில் தக்காளி நட்டவரின் நிலை வேறு. நீர் ஊற்றாவிட்டால் வாடும், காய் பழுத்தால் பறித்தாக வேண்டும், பூச்சி வந்ததா என்று பார்த்தாக வேண்டும். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்பதற்காக நடப்பவரைவிட, வெண்டைக்காய் முற்றிவிடுமே என்று நடப்பவர் தவறாமல் நடப்பார். நம் சமூகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே விகிதம் அதைவிட மிக அதிகம். குனிந்து நிமிர்ந்து செய்யும் வேலையும் தட்டில் கீரையும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஏற்பாட்டை, மருந்துக்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்களிடம் விலகி இருப்பதே நல்லது. சுகாதார கிளினிக்கில் கொடுக்கும் அறிவுரையை நடைமுறையாக்க ஓர் இடம் என்று சொன்னால் போதும்.

கலைக்கு வருவோம். மரத்தடியில் உட்கார்ந்து பூவை வரைவது கலை என்றால், பூவையும் கலையையும் ஒரே பானையில் வளர்க்கிற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முளைப்பாரியைச் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் திருவிழா வருமுன், மண்சட்டியில் வைக்கோலும் மண்ணும் எருவும் இட்டு, ஊறவைத்த நவதானியத்தை அதில் தூவி, இருட்டறையில் வைத்து நாள்தோறும் நீர் தெளிப்பார்கள். வெளிச்சம் படாததால் முளை வெளிறி, நெடுநெடுவென வளரும். பெண்கள் அதைச் சுற்றிக் கும்மி கொட்டிப் பாடுவார்கள். ஏழெட்டு நாள் கழித்துத் தலையில் ஏந்தி ஊர்வலமாகப் போய் நீரில் கரைப்பார்கள். அதில் விதைப்பரிசோதனை உண்டு, பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, கூடி இருத்தல் உண்டு. கலை, உடல்நலம், தோட்டக்கலை என்று மூன்று தலைப்பில் மூன்று துறையினர் இன்று நிகழ்ச்சி வகுப்பதை, மாரியம்மன் கோயில் பெண்கள் ஒரே சட்டியில் முடித்துவிடுகிறார்கள்.

பொதுப் பூங்காவில் மாரியம்மன் சடங்கா, பல இன மக்கள் வாழும் ஊரில் அது பொருந்துமா என்று கேட்பீர்கள். சடங்கு கோயிலில் இருக்கட்டும், நுட்பம் பூங்காவுக்கு வரட்டும். நுட்பம் என்று பார்த்தால் ஈப்போவில் அது யாருக்கும் அந்நியம் இல்லை. ஈப்போ என்றதும் நாடே நினைப்பது தவுகே கோழியை. சுண்ணாம்புமலை நீரில் வளர்வதால்தான் இங்கத்துத் தவுகே குட்டையாய், பருமனாய் இருக்கிறது என்று ஊர்க்காரர் பெருமை பேசுவார்கள். அதுவும் இருட்டில் முளைக்க வைத்த பயறுதான். முளைப்பாரி வைக்கத் தெரிந்த அம்மாவும் தவுகே வளர்க்கத் தெரிந்த சீன ஆச்சியும் ஒரே மேசையில் நின்றால், யார் எதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கவே கூட்டம் கூடும். நாம் துவையல் அரைக்கும் வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்று சொல்லி உலாமாக, அதாவது பச்சையாகவே, தின்கிறார்கள். ஜெலாப்பாங் புதுக்கிராமத்தின் மண்ணில் சீனர்களின் காய்கறி விவசாயத்துக்கும், மலாய்க் கம்பத்தின் உலாம் செடிகளுக்கும், லயத்து அவரைப் பந்தலுக்கும் பேச நிறைய இருக்கிறது. மேடை போட்டு மூவின நடனம் ஆடவைத்து ஒற்றுமை காட்டுவதைவிட இது எனக்கு நம்பகமாகத் தெரிகிறது.

ஓவியத்தையும் தள்ளிவிடவில்லை. தாவரத்தை வரைவதில் தென்னிந்தியருக்கு ஒரு மரபு உண்டு, அதை நாமே மறந்துவிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் தாவர ஆய்வு செய்த ராபர்ட் வைட், செடிகளை வரைய ரங்கையா, கோவிந்து என்னும் இரண்டு உள்ளூர் ஓவியர்களை வைத்திருந்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட பெரும் தாவரப் படத்தொகுதியில் இவர்களின் கைவண்ணம் இருக்கிறது. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார் வைட். ஓவியர்கள் பெயர் தெரியாமல் மறைந்துபோன காலத்தில் அது அபூர்வம். இவ்வகை ஓவியத்துக்கு அழகுணர்ச்சி மட்டும் போதாது. காம்பு எங்கே திரும்புகிறது, இலை எதிரெதிரா மாறிமாறியா, இதழுக்கு அடியில் மயிர் உண்டா என்று செடியோடு நாள்கணக்கில் இருக்க வேண்டும். அதனால்தான் ஓவிய வகுப்பும் பாத்தியிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். யாரோ வளர்த்த ரோஜாவை ஒருமணி நேரத்தில் வண்ணம் தீட்டும் பிள்ளையைவிட, தான் ஊன்றிய அவரை விதை மண்ணைப் பிளந்த நாள் முதல் கொம்பைப் பற்றிய நாள்வரை வாரத்துக்கு ஒரு படமாக வரைந்த பிள்ளை அதிகம் கற்றிருக்கும். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்துக்கும் அது உதவும்.

பூங்காவின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில் நம் இலக்கியமும் கவனமாக இருந்திருக்கிறது. மணிமேகலையில் மாதவியின் மகள் மாலை தொடுக்கப் பூப்பறிக்க வேண்டும். புகாரில் சோலைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இலவந்திகைச் சோலைக்குப் போனால் அங்கே மன்னனின் ஆட்கள் நிற்பார்கள். இப்படி ஒவ்வொன்றையும் விலக்கிக்கொண்டே வந்துதான் உவவனம் போவதென்று முடிவாகிறது. அவள் அங்கே உலாவப் போகவில்லை, பறித்துக் கட்டும் வேலைக்காகப் போகிறாள். நம் ஊருக்கு வந்தால், ஈப்போவின் நடுவே, முன்பு கொரோனேஷன் பார்க் எனப்பட்ட பூங்காவுக்கு டி.ஆர். சீனிவாசகத்தின் பெயர் வைத்திருக்கிறோம். 1957 முதல் 1969 இல் இறக்கும்வரை ஈப்போ மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். முடிசூட்டு விழாவின் பெயரை நீக்கி மக்கள் பிரதிநிதியின் பெயரை வைத்தது சரியான மாற்றம். ஆனால் பெயர்ப்பலகையைத் தாண்டி நுழைந்து பார்த்தால் பூவைப் பறிக்கக் கூடாது, புல்லை மிதிக்கக் கூடாது என்ற பழைய ஒழுங்கு பெரும்பாலான பூங்காக்களில் இன்னும் மாறவில்லை. பொதுச் சொத்துக்கு அது தேவையும்தான். எல்லாப் பூச்செடியையும் எல்லோரும் பறித்தால் இரண்டு நாளில் கட்டாந்தரை. அதற்காகவே, பறிக்கலாம், மிதிக்கலாம், தோண்டலாம் என்று ஒரு மூலையையாவது தனியே பிரித்துவிட வேண்டும்.

நிலம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஜெலாப்பாங் கிளேடாங் மலையடிவாரத்து ஊர். சுரங்கமும் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் அதன் நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. கிந்தாவின் ஈயவயல் ஒருகாலத்தில் உலகிலேயே பெரியது. 1985 இல் ஈயச்சந்தை சரிந்தபின் கைவிடப்பட்ட குளங்களும் மணல்மேடுகளும் பள்ளத்தாக்கெங்கும் கிடக்கின்றன. அந்த நிலத்தில் என்ன விளையும் என்பவர்களுக்குத் தைப்பிங் ஏரிப் பூங்காவே பதில். 1880களில் பழைய ஈயச்சுரங்க நிலத்தில் உருவானது அது. 60 ஹெக்டேருக்கு மேல் விரிந்த அந்தப் பூங்காவில் ஏரி நீரைத் தொடக் கிளை தாழ்த்தும் மழைமரங்கள் நூற்றாண்டைக் கடந்து நிற்கின்றன. காய்கறிக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. சுரங்க மணலில் நீர் நிற்காது, சத்தும் கிடையாது, சில இடங்களில் ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களும் இருக்கும். ஆகவே மண்ணைப் பரிசோதிக்காமல் ஒரு கீரைகூட ஊன்றக் கூடாது. பலகை அடைத்து, வெளியிலிருந்து நல்ல மண்ணும் மக்கிய எருவும் கொட்டி, மேட்டுப் பாத்தி கட்டுவதே பாதுகாப்பு. வயதானவர்களுக்குக் குனியும் சிரமமும் அதில் குறைவு.

டிங்கி பற்றிய அச்சமும் உண்மையானது. 2019 இல் மட்டும் நாட்டில் 1,30,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது, வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும், வாரந்தோறும் ஒருவர் முறைவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதோடு, ஆள் நடமாட்டமே இல்லாத காலி நிலத்தில் கிடக்கும் பழைய டயரில்தான் கொசு நிம்மதியாக வளர்கிறது, தினமும் மனிதக் கை படும் பாத்தியில் வளர்வது கடினம். வெயிலுக்கு மருந்து கடிகாரம்தான். காலை ஏழு முதல் ஒன்பதரை, மாலை ஐந்துக்கு மேல். ஏப்ரல் நண்பகலில் யாரையும் வெளியே நிறுத்தி மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லாதீர்கள்.

செலவும் பராமரிப்பும் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. விழா முடிந்தபின் யார் பார்ப்பார்கள், நட்டதைத் திருடிப் போவார்களே என்பது மாநகர் மன்றங்களின் வழக்கமான கவலை. ஆனால் சிங்கப்பூரில் 2005 இல் அரசே தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் எழுந்துவிட்டன. கோலாலம்பூரின் பங்சாரில் 2017 இல் ஒரு நிலக்காட்சிக் கலைஞர் தொடங்கி வைத்த காய்கறித் தோட்டம், பயன்பாட்டு ஒதுக்கு நிலத்தில், தொண்டர்களின் உழைப்பில் பச்சையாக நிற்கிறது. 1974 இல் அன்றைய பிரதமர் துன் ரசாக் அறிவித்த பசுமைப் புத்தகத் திட்டம் வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொன்னது. அழைப்பு நாடெங்கும் போனது, ஆனால் அடுக்குமாடியில் இருந்தவர்களுக்குப் போட மண் இல்லை. பாத்தியை ஆளுக்கு ஆள் பெயர் எழுதிக் கொடுத்து, ஆண்டுக்குச் சிறு தொகை வாங்கி, மூன்று வாரம் எட்டிப் பார்க்காதவரின் பாத்தியை வரிசையில் அடுத்தவருக்கு மாற்றும் விதி வைத்தால் பராமரிப்புச் சிக்கலில் பாதி தீரும். மேற்பார்வைக்கு அண்டைவீட்டார் அமைப்பான ருக்குன் தெதாங்கா இருக்கிறது, கோயில் நிர்வாகங்கள் இருக்கின்றன, பள்ளிப் பெற்றோர் சங்கங்கள் இருக்கின்றன. திருட்டு நடக்கும். நான்கு கத்தரிக்காய் போகும். பூங்காவின் இரும்பு வேலியும் செப்புக் கம்பியும் களவு போகும் நாட்டில் கத்தரிக்காய் போனது பெரிய செய்தி ஆகாது, எடுத்தவரும் நம் ஊரில்தானே குழம்பு வைப்பார்.

முதல் ஆண்டில் இருபது பாத்தி போதும். மண் பரிசோதனையை அக்டோபர் பெருமழைக்கு முன் முடித்துவிட வேண்டும். பலகை அடைத்து எருக் கொட்டும் வேலையை டிசம்பரில் வைத்துக்கொண்டு, ரப்பர் இலை உதிரும் பிப்ரவரியில் பெயர் எழுதிப் பாத்தி பிரித்தால், மார்ச்சில் விதை ஊன்றலாம். ஓவிய ஆசிரியருக்கும் யோகா ஆசிரியருக்கும் ஏப்ரலில் கடிதம் அனுப்பினால் போதும். அவர்கள் வரும்போது வரைய ஏதாவது முளைத்திருக்கும், வகுப்புக்கு ஆள் சேர்க்கவும் வேண்டியிருக்காது. நீர் ஊற்ற வந்தவர்கள் அங்கேதான் நிற்பார்கள்.